பேட்டரியைக் கழற்றிய பிறகு தட்டுகளை இழுத்தால் வோல்டேஜ் ஏன் ஏறுகிறது?

#1 கயல்விழி

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நிலைமின்னியலில் ஒரு கணக்கு நான்கு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. விடை வந்துவிட்டது, புரியத்தான் இல்லை.

இணைத்தட்டு மின்தேக்கி. தட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், இடைவெளி 1 மில்லிமீட்டர், நடுவில் வெறும் காற்று. 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, மின்னூட்டம் ஏறியதும் பேட்டரியைக் கழற்றிவிடுகிறோம். அப்புறம் தட்டுகளை 2 மில்லிமீட்டர் வரை விலக்குகிறோம். இப்போது மின்னழுத்தம் எவ்வளவு?

விடை 24 வோல்ட். மின்புலம் மீட்டருக்கு 12,000 வோல்ட், அது மாறாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, தூரம் கூடினால் கூலூம் விதிப்படி விசை குறையத்தானே வேண்டும், புலம் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது? இரண்டாவது, சேமித்த ஆற்றலும் இரண்டு மடங்காகிறது. பேட்டரியே இல்லாதபோது அது எங்கிருந்து வந்தது? வகுப்பில் கேட்டதற்கு, "வாய்ப்பாட்டில் போட்டால் வருகிறதல்லவா, அடுத்த கணக்குக்குப் போ" என்று பதில் கிடைத்தது.

#2 துருவன்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உன் கைதான் அந்த ஆற்றலைக் கொடுக்கிறது. ஒரு தட்டில் நேர் மின்னூட்டம், எதிர்த் தட்டில் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பிரித்தெடுக்க நீ வேலை செய்ய வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்பது, 88.5 பிக்கோஃபாரட். 12 வோல்ட்டில் மின்னூட்டம் 1.06 நானோகூலூம். விசை என்பது மின்னூட்டத்தை மின்புலத்தால் பெருக்கினால் வருவது, அதாவது 12.7 மைக்ரோநியூட்டன். 1 மில்லிமீட்டர் இழுத்தால் வேலை 12.7 நானோஜூல். கடைசியில் மின்தேக்கியில் இருக்கும் ஆற்றலும் 12.7 நானோஜூல். பொருந்துகிறது.

#3 கயல்விழி

நன்றி அண்ணா. ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. இழுப்பதற்கு முன்பே மின்தேக்கியில் 6.37 நானோஜூல் இருந்தது. நான் 12.7 கொடுத்தால் மொத்தம் 19 ஆக வேண்டும். 12.7 தானே இருக்கிறது? மீதி 6.37 எங்கே போனது?

#4 துருவன்

நீ சொல்வதுதான் சரி. கூடியது 6.37 மட்டும்தான், நான் மொத்தத்தைக் கூடுதல் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் விசையில்தான் ஏதோ இரண்டு மடங்கு தவறு இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#5 கரும்பலகை

31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். இந்த அரைப் பங்கு விஷயத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இடறுவார்கள். அம்மா, நீங்கள் 19 ஆக வேண்டுமே என்று கூட்டிப் பார்த்துக் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் சாவி.

முதலில் விசை. தட்டுகளுக்கு நடுவே இருக்கும் 12,000 வோல்ட் புலத்தை இரண்டு தட்டுகளும் சேர்ந்து உண்டாக்குகின்றன. ஆளுக்குப் பாதி, 6,000. ஒரு தட்டை இழுப்பது எதிர்த் தட்டின் புலம் மட்டும்தான். தன் புலத்தால் ஒரு தட்டு தன்னையே இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே விசை 1.06 நானோகூலூம் பெருக்கல் 6,000, அதாவது 6.37 மைக்ரோநியூட்டன். அது ஒரு அரிசியின் எடையில் முப்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்த விசையை எதிர்த்து 1 மில்லிமீட்டர் இழுத்தால் 6.37 நானோஜூல். கணக்கு நேராகிவிட்டது, ஒரு நானோஜூலும் காணாமல் போகவில்லை.

அடுத்து உங்கள் முதல் கேள்வி. கூலூம் விதி புள்ளி மின்னூட்டத்துக்கு. தட்டு புள்ளி அல்ல. வெள்ளையடித்த ஒரு நீண்ட மதில் சுவரின் முன் நின்று பாருங்கள். இரண்டடி தள்ளி நின்றாலும் நான்கடி தள்ளி நின்றாலும் சுவர் ஒரே பிரகாசமாகத்தான் தெரியும். தள்ளிப் போகப் போக சுவரின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் வரும் ஒளி, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஆனால் பார்வையின் அதே கோணத்துக்குள் அடங்கும் சுவரின் பரப்பு அதே இருமடியில் கூடிவிடுகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டுகின்றன. சுவரின் ஓரம் கண்ணில் படத் தொடங்கினால்தான் நிலைமை மாறும். மின்னூட்டம் பரவிய அகலத் தட்டும் இப்படித்தான். 10 சென்டிமீட்டர் அகலத் தட்டுக்கு 1 மில்லிமீட்டரும் 2 மில்லிமீட்டரும் மிக அருகில்தான். ஓரங்களில் மட்டும் புலக்கோடுகள் வெளியே வளைந்து பிதுங்கும், இந்தக் கணக்கில் அதை விட்டுவிடுகிறோம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மின்புலம் இருக்கும் இடமெல்லாம் ஆற்றல் இருக்கிறது. இந்தப் புலத்துக்கு ஒரு கன மீட்டரில் 0.000637 ஜூல். தட்டுகளுக்கு நடுவே இருந்த இடம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு கன மீட்டர். பெருக்கினால் அதே 6.37 நானோஜூல். நீங்கள் தட்டை இழுத்தபோது முன்பு புலமே இல்லாத இடத்தில் புதிதாக 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு மின்புலத்தை உண்டாக்கினீர்கள். அதே அடர்த்தி, இரட்டிப்பு இடம். உங்கள் கை கொடுத்த வேலை அங்கேதான் இருக்கிறது. ஆற்றல் தட்டில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை இந்தக் கணக்கு பிடிபடாது.

#6 கயல்விழி

சார், மதில் சுவர் உதாரணத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். உண்மைதான், இத்தனை நாள் கவனித்ததில்லை.

இன்னொன்று கேட்கலாமா? பேட்டரியைக் கழற்றாமலே இழுத்தால்? அப்போது மின்னழுத்தம் 12 ஆகவே இருக்கும், மின்தேக்குத்திறன் பாதியாகும். ஆற்றல் 6.37இலிருந்து 3.19 ஆகக் குறைகிறது. அப்போதும் தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, நான் அப்போதும் வேலை செய்கிறேன். வேலை செய்தும் ஆற்றல் குறைகிறதே?

#7 யாழ்வாசி

தங்கச்சி, நல்ல கேள்வி. நாங்கள் இங்கே உயர்தரத்தில் மின்தேக்கியைக் கொள்ளளவி என்று படித்தோம், மின்னூட்டத்தை ஏற்றம் என்போம். சொல் வேறு, பொருள் ஒன்றுதான். இந்தக் கணக்கைச் செய்யும்போது வாய்ப்பாட்டுக்குப் போகுமுன் ஒரு கேள்வியைத் தாளின் மேலே எழுதிவைக்கச் சொல்வேன்: "எது மாறாமல் இருக்கிறது, ஏற்றமா அழுத்தமா?" பேட்டரி கழற்றப்பட்டால் ஏற்றம் மாறாது, போவதற்கு அதற்கு வழியில்லை. பேட்டரி இணைந்திருந்தால் அழுத்தம் மாறாது, பேட்டரி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் இரண்டாவது நிலையில் அழுத்தம் 12. இடைவெளி இரட்டிப்பானதால் மின்புலம் 6,000 ஆகக் குறைகிறது. ஏற்றமும் பாதியாகிறது. அந்தப் பாதி, 0.53 நானோகூலூம், எங்கே போகும்? கம்பி வழியாகப் பேட்டரிக்குள் திரும்பிப் போகிறது. பேட்டரியின் நேர்முனைக்குள் 12 வோல்ட்டுக்கு எதிராக அதைத் தள்ளிக் கொண்டுபோனால் பேட்டரிக்குக் கிடைப்பது 6.37 நானோஜூல். கொள்ளளவி இழந்தது 3.19. உங்கள் கை செய்த வேலையைக் கணக்கிடுங்கள். விசை இழுக்க இழுக்கக் குறைந்துகொண்டே வரும், அதனால் தொகையிட வேண்டும். விடை 3.19 வரும். இரண்டையும் கூட்டுங்கள்.

#8 கயல்விழி

வந்துவிட்டது! 3.19 உம் 3.19 உம் சேர்ந்து 6.37 (கடைசி இலக்கம் முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம்). நான் தட்டை இழுத்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்திருக்கிறேன்.

#9 வைண்டிங் கடை

இந்த இழையைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், ஐடிஐ படிப்பு. வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. பாப்பாவின் கணக்கில் உள்ளங்கை அளவுத் தட்டுக்கு 88 பிக்கோஃபாரட்தான் வருகிறது. நான் தினமும் மாற்றும் சீலிங் ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியதுதான் இருக்கும். அதற்குள் எப்படி அவ்வளவு அடங்குகிறது?

#10 கரும்பலகை

இந்தக் கேள்வியை நான் வகுப்பில் கேட்டிருக்க வேண்டும் ஐயா. பாப்பாவின் மின்தேக்கி மாதிரியே 1 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வைத்து 2.5 மைக்ரோஃபாரட் செய்ய, தட்டின் பரப்பு எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். 282 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டு. ஒரு ஃபேனுக்கு ஒரு வீட்டு மனை.

அதை உள்ளங்கைக்குள் கொண்டுவரும் வழி இடைவெளியில் இருக்கிறது. ஃபேன் கண்டென்சருக்குள் இருப்பது பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம், அதன் மேல் ஆவியாகப் படியவைத்த உலோகப் பூச்சு. படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. 6 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் மின்காப்பு மாறிலி 2.2, அதாவது காற்றுக்குப் பதில் அதை வைத்தால் மின்தேக்குத்திறன் 2.2 மடங்காகும். இப்போது வேண்டிய பரப்பு முக்கால் சதுர மீட்டர்தான், தோளில் போடும் ஒரு துண்டின் அளவுகூட இல்லை. அதை நீளமான நாடாவாக வெட்டிச் சுருட்டி அடைத்துவிடுகிறார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை மின்புலத்தில் தெரியும். மேலே 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதை 6 மைக்ரோமீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 7 கோடி வோல்ட்டுக்கு மேல். காற்று 30 லட்சம் வோல்ட்டிலேயே உடைந்து பொறி விடும். அதாவது உங்கள் வீட்டுக் கூரையில் சுற்றும் ஃபேனின் கண்டென்சருக்குள், காற்றைக் கிழிக்கும் புலத்தைப் போல இருபது மடங்குக்கு மேலான புலம் விநாடிக்கு 100 தடவை திசை மாறிக்கொண்டிருக்கிறது. நல்ல பாலிப்ரோப்பிலீன் அதைத் தாங்குகிறது.

#11 வைண்டிங் கடை

ஐயா, இப்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. "ஃபேன் முன்ன மாதிரி ஓடலைப்பா, காத்தே வரலை" என்று வருபவர்களின் கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் வைப்பேன். 2.5 என்று எழுதியிருக்கும், 1.7 காட்டும், சிலது 1.4. வெடித்திருக்காது, வீங்கியிருக்காது, வெளியே ஒரு கோடுகூட இருக்காது. படலத்தில் எங்காவது பலவீனமான இடத்தில் ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகப் பூச்சு ஆவியாகிப் போய்விடும் என்று ஐடிஐயில் சொல்லிக்கொடுத்தார்கள். ஷார்ட் ஆகாமல் கண்டென்சர் தப்பித்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தட்டின் பரப்பில் ஒரு புள்ளி போய்விடுகிறது. பல ஆண்டுகள் புள்ளி புள்ளியாகப் போய் 2.5 என்பது 1.7 ஆகிறது. மொத்தமாகச் செத்துவிட்டால் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும், கையால் தள்ளிவிட்டால் மெல்லச் சுற்றும்.

பாப்பாவுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உன் கணக்கில் இருப்பது நானோஜூல். கழற்றிப் போட்ட சப்ளை போர்டில் இருக்கும் 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 320 வோல்ட்டில் நின்றால் அதில் 5 ஜூல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்குரூ டிரைவரை இரண்டு முனையிலும் வைத்து டிஸ்சார்ஜ் செய்தேன். துப்பாக்கிச் சத்தம் மாதிரி ஒரு வெடி, டிரைவரின் நுனி உருகிக் குழி விழுந்தது, ஒரு மணி நேரம் காது இரைந்தது. அன்றிலிருந்து 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்புள்ள பிடியில் கட்டி வைத்திருக்கிறேன். பத்து விநாடி தொட்டுவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். ஆய்வகம் தவிர வேறெங்கும் பெரிய கண்டென்சரைத் தொடாதே அம்மா.

#12 யாழ்வாசி

அண்ணை கண்டென்சர் என்று எழுதுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பாடநூல்கள் எப்போதோ கைவிட்ட அந்தச் சொல்லைக் கடைத்தெரு இன்னும் வைத்திருக்கிறது. 1782இல் வோல்ட்டா வைத்த பெயர் அது. அவர் அந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்த்தால், கயல்விழியின் கணக்கேதான்.

அக்காலத்தில் மின்னழுத்தத்தை அறிய மின்காட்டியின் மெல்லிய இலைகள் விலகுவதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்வதால் உண்டாகும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்துக்கு அந்த இலைகள் அசையவே அசையா. வோல்ட்டா இரண்டு தட்டுகளை, நடுவே மெல்லிய காப்புப் பூச்சு மட்டும் இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். இடைவெளி சிறிது, ஆகவே அந்தச் சிறிய அழுத்தத்திலேயே நிறைய ஏற்றம் வந்து சேரும். பிறகு இணைப்பை எடுத்துவிட்டு மேல் தட்டைத் தூக்குவார். ஏற்றம் போக இடமில்லை, இடைவெளி பல மடங்காகிறது, அழுத்தம் ஏறுகிறது, இலைகள் விரிகின்றன. 12ஐ 24 ஆக்கிய அதே இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தைக் கையால் தூக்கிப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்.

அதே இழுப்பு இப்போது உங்கள் தொலைபேசிக்குள்ளும் நடக்கிறது. 1916இல் வென்டே என்பவர் செய்த கண்டென்சர் ஒலிவாங்கியில் ஒரு தட்டு மெல்லிய தோல் போல அதிரும். ஏற்றம் மாறாமல் இருக்க, குரலுக்கு ஏற்ப இடைவெளி கூடிக் குறையும், அழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். 1962இல் செஸ்லரும் வெஸ்டும் ஏற்றத்தை பிளாஸ்டிக் படலத்துக்குள்ளேயே நிரந்தரமாகச் சிறைப்படுத்திவிட்டார்கள், அதனால் ஏற்றி வைக்கத் தனி மின்வழங்கல் தேவையில்லாமல் போனது. நீங்கள் "ஹலோ" என்றால் ஒரு தட்டு நகர்கிறது, பேட்டரி கழற்றிய உங்கள் கணக்கு விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அங்கே போடப்படுகிறது.

#13 கயல்விழி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் எழுதியதைப் படித்ததும் நானே ஒரு மின்தேக்கி செய்ய வேண்டும் என்று தோன்றியது. பெரிதாக எதுவும் இல்லை, மின்னூட்டமும் ஏற்றவில்லை, அளக்க மட்டும்தான்.

சமையலறை அலுமினியத் தாளில் 18க்கு 12 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒரு தடித்த பழைய புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அம்மாவின் அம்மிக் குழவியைக் கிடத்தி அழுத்தினேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து அனுமதியோடு வாங்கிவந்த மல்டிமீட்டரில் மின்தேக்குத்திறன் அளவு இருக்கிறது. நடுவே எத்தனை தாள் என்பதை மட்டும் மாற்றினேன்.

1 தாள்: 3.66 நானோஃபாரட்
2 தாள்: 1.90
4 தாள்: 0.99
8 தாள்: 0.53
16 தாள்: 0.31

இடைவெளிக்கு எதிர்விகிதம் என்றால், தாள் எண்ணிக்கையை அளவால் பெருக்கினால் ஒரே எண் வர வேண்டும். எனக்கு 3.66, 3.80, 3.96, 4.24, 4.96 என்று ஏறிக்கொண்டே போகிறது. மூன்று தடவை திரும்பச் செய்தேன், அப்படியேதான் வருகிறது. தாள் சுருங்கியிருப்பதால் இருக்குமா?

#14 கரும்பலகை

அம்மா, கையால் அளந்து, பெருக்கிப் பார்த்து, பொருந்தவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

சுருக்கமும் தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கிய காற்றும் இருந்தால், அது 1 தாள் வைக்கும்போது அதிகமாகப் பாதிக்கும், 16 தாளில் பொருட்டாகவே இருக்காது. அப்போது பெருக்கல் தொகை முதலில் வேகமாக ஏறி, பிறகு நின்றுவிடும். உங்களுடையது நிற்கவில்லை, கடைசியில்தான் அதிகமாக ஏறுகிறது. ஆகவே ஒவ்வொரு அளவிலும் மாறாத ஒரு சிறு தொகை கூடவே சேர்ந்து வருகிறது என்று நினைக்கிறேன். அளவு சிறிதாகச் சிறிதாக அது பெரிதாகத் தெரியும்.

#15 துருவன்

மீட்டரின் கம்பிகளாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் போகும் இரண்டு கம்பிகளும் ஒரு மின்தேக்கிதானே. கம்பிகளை அலுமினியத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி கிடக்க விட்டு, மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்.

#16 கயல்விழி

துருவன் அண்ணா, 0.08 காட்டியது! கம்பியை எதிலும் தொடவைக்காமலே 0.08.

எல்லாவற்றிலும் 0.08ஐக் கழித்தேன். 3.58, 1.82, 0.91, 0.45, 0.23. தாள் எண்ணிக்கையால் பெருக்கினால் 3.58, 3.64, 3.64, 3.60, 3.68.

அப்புறம் ஒரு தாளின் தடிமனுக்காக அந்தப் புத்தகத்தில் 100 தாளை எண்ணிச் சேர்த்துப் பிடித்து அளவுகோலில் வைத்தேன். ஒரு சென்டிமீட்டர். ஆக ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். அதே இடைவெளியில் வெறும் காற்று இருந்தால் 1.91 நானோஃபாரட் வரும். எனக்கு வந்ததை அதால் வகுத்தால் 1.9. அழுத்திவைத்த தாளின் மின்காப்பு மாறிலி, அதிலுள்ள காற்றோடு சேர்த்து, 1.9. இந்த எண்ணை எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதவில்லை.

நாளை குழவியை எடுத்துவிட்டு அளக்கப் போகிறேன். அப்போது 1 தாளுக்கான அளவு மட்டும் நன்றாகக் குறைய வேண்டும், இல்லையா சார்?